பாயின் பெயரும் நெய்தவர் பெயரும்

(கண்டியில் நிகழ்த்தப்பெற்ற அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



இத்தகைய மேடைகளில் கவிதையையும் காப்பியத்தையும் பற்றிப் பேசுவதே வழக்கம். நார், பிரம்பு, மூங்கில் பற்றிப் பேசப்போகிறேன் என்று நான் சொன்னபோது ஏற்பாட்டாளர்கள் தயங்கவில்லை. அதற்கு முதலில் நன்றி சொல்கிறேன். கண்டியைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். தலதா மாளிகையையும் பெரஹராவையும் யானைகளையும் பேசினோம். அரசர்களையும் அவர்களைக் காட்டிக்கொடுத்தவர்களையும் பேசினோம். அந்த அரசர்கள் வீட்டுத் தரையில் விரிந்திருந்த பாயை யார் நெய்தார்கள் என்று தமிழில் யாரும் விரிவாகப் பேசி நான் கேட்டதில்லை.

2021 டிசம்பரில் யுனெஸ்கோ நிறுவனம் மானுடத்தின் அருவப் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் ‘தும்பர ரட்டா கலால’ என்ற பாய் நெசவைச் சேர்த்தது. தமிழில் தும்பறைப் பாய் என்று சொல்லலாம். அதற்கு முன் 2018இல் கயிற்றுப் பொம்மலாட்டம் சேர்க்கப்பட்டிருந்தது. இலங்கையிலிருந்து அந்தப் பட்டியலுக்குப் போன முதல் மரபு அது. அதையடுத்து இந்தப் பாய் போனது. இந்தப் பாய் நெய்யப்படும் ஹேனவல, கலாசிரிகம போன்ற கிராமங்கள் நாம் இருக்கும் இந்த இடத்திலிருந்து குண்டசாலைப் பக்கமாகப் போனால் அதிக தூரமில்லை. இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் எத்தனை பேர் போயிருக்கிறோம் என்பதை அவரவர் மனத்துக்குள் கேட்டுக்கொள்வோம்.

இனி இன்னொரு ஆண்டுக்கு வருகிறேன். 1681. அந்த ஆண்டு லண்டனில் ரொபர்ட் நொக்ஸ் எழுதிய நூல் வெளிவந்தது. 1660இல் கண்டி அரசனிடம் சிறைப்பட்டு, 1679இல் தப்பிப்போன ஆங்கிலேயர் அவர். சிறையென்றால் நாற்சுவர்ச் சிறையில்லை. கண்டி இராச்சியத்தின் கிராமங்களில் வாழ்ந்து, தொப்பி பின்னி விற்று, நெல் கடன் கொடுத்துப் பிழைத்தவர். ஆகவே அவர் பார்த்தது அரண்மனைக்காரர் பார்க்காத கண்டி. அந்த நூலில் சாதிகளை மேலிருந்து கீழாக அடுக்கிக்கொண்டு வரும்போது, ஏறக்குறைய அடிமட்டத்தில் இரண்டு கூட்டத்தாரைச் சொல்கிறார். ஒரு கூட்டத்தார் பிரம்பிலே கூடை முடைபவர்கள், தானியம் புடைக்கும் சுளகு செய்பவர்கள், கட்டிலுக்கும் முக்காலிக்கும் பிரம்பு பின்னுபவர்கள். அடுத்த கூட்டத்தார் நேர்த்தியான பாய் நெய்பவர்கள். இந்தப் பாய்காரர்களைப் பற்றி அவர் குறித்துவைத்த செய்தி ஒன்றே ஒன்று: அவர்கள் தலையில் எதையும் அணியக்கூடாது.

1681க்கும் 2021க்கும் இடையில் 340 ஆண்டுகள். தலையில் துணி போட உரிமையில்லாதவரின் கைவேலை உலகப் பட்டியலில் ஏறிவிட்டது. ஏறியது கைவேலை. அதைச் செய்தவரும் கூடவே ஏறினாரா என்பதுதான் இன்று நான் கேட்க வந்த கேள்வி. ஒரு கைத்தொழிலைக் காப்பாற்றுகிறோம் என்று சொன்னால், அதைச் செய்பவரின் மதிப்பையும் அதற்குப் பொருள் தந்த காட்டையும் சேர்த்தே காப்பாற்ற வேண்டும். இந்த இரண்டையும் விட்டுவிட்டுப் பொருளை மட்டும் கண்ணாடிப் பேழையில் வைப்பதை நான் காப்பாற்றுதல் என்று ஏற்கமாட்டேன்.

யுனெஸ்கோ ஆவணம் அந்த மக்களைக் கின்னர சமூகத்தார் என்று குறிப்பிடுகிறது. நீண்ட காலம் இழிவோடு உச்சரிக்கப்பட்ட பெயர் அது. வரலாற்றைச் சொல்வதற்காக அதை இங்கே சொன்னேன். இனி ‘பாய் நெய்பவர்கள்’ என்றே சொல்லப்போகிறேன். அவர்களும் தங்கள் வேலையைக் கொண்டே அறியப்பட விரும்புவார்கள் என்று நினைக்கிறேன்.

முதலில் அந்த வேலையைப் பார்ப்போம். பாய் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது கோரைப் பாய், அல்லது மட்டக்களப்புப் பக்கத்துப் பன்பாய், யாழ்ப்பாணமென்றால் பனையோலைப் பாய். திருநெல்வேலிக்குப் பக்கத்தில் பத்தமடையில் தாமிரபரணித் தண்ணீரில் ஊறவைத்த கோரையை மயிரிழையாகப் பிளந்து நெய்யும் பட்டுப்பாய் இருக்கிறது; அது இன்னொரு அதிசயம். ஆனால் இவையெல்லாம் புல்லையோ ஓலையையோ அப்படியே பின்னுவது அல்லது நெய்வது. தும்பறைப் பாய் நாரால் நெய்யப்படுவது. இலைக்குள் இருக்கும் நாரை வெளியே எடுத்த பிறகுதான் வேலையே தொடங்குகிறது.

பழைய நூல்கள் சொல்லும் செடி நியந்த. நம் ஊரில் அதன் இனத்தை மருள் என்போம். வில்லுக்கு நாண் முறுக்கிய நார் அதிலிருந்துதான் வந்தது. நிழலில், மரங்களுக்கு அடியில், வாள் போன்ற இலைகளோடு நிற்கும் செடி. இன்று பெரும்பாலும் பயன்படுவது ஹண என்று சொல்லப்படும் கற்றாழை வகை நார்ச்செடி. இலையை அடியோடு வெட்டி வருவார்கள். சாய்ந்த பலகையின் மேல் இலையைக் கிடத்தி, ஒரு முனையைக் காலால் மிதித்துக்கொண்டு, மழுங்கிய விளிம்புள்ள கருவியை இரண்டு கையாலும் பிடித்து வழிக்க வேண்டும். கூர்மை இருந்தால் நார் அறுந்துவிடும். கூர்மையே இல்லாவிட்டால் சதை போகாது. பச்சைச் சதையும் சாறும் வழிந்து இறங்க, உள்ளேயிருந்து வெள்ளை நார் வெளிப்படும். அந்தச் சாறு பட்டால் கை அரிக்கும். அதைக் கழுவி, உலர்த்தி, சீப்பால் தலைமயிரை வாருவதுபோல வாரிச் சிக்கெடுத்த பிறகு ஒரு கற்றை நார் தேறும். இத்தனைக்கும் பிறகு ஓர் இலையில் கிடைக்கும் நார் ஒரு கைப்பிடிக்குள் அடங்கிவிடும்.

தறி தரையோடு தரையாக இருக்கும். நெய்பவர் தரையில் உட்கார்ந்து, குனிந்து, பாவுக்குள் ஊடையைச் செலுத்துவார். இங்கே பறக்கும் நாடாவும் இல்லை, மிதிகட்டையும் இல்லை. நீண்ட குச்சியால் நாரை இழுத்து, வாள்போன்ற மரப்பலகையால் இறுக்கி அடிப்பார். உருவம் வரவேண்டிய இடத்தில் பாவிழைகளை விரலாலேயே எண்ணித் தூக்க வேண்டும். வரைபடம் எதுவும் முன்னால் கிடையாது. எண்ணிக்கை நெய்பவரின் நினைவில் இருக்கிறது. அம்மாவிடமிருந்தோ மாமியாரிடமிருந்தோ வந்த எண்ணிக்கை. நேர்க்கோடுகளாலேயே எல்லாம் ஆக வேண்டியிருப்பதால் மானும் யானையும் பறவையும் நட்சத்திரமும் படிப்படியாக வெட்டிய கோலத்தில் நிற்கும். இதை நான் பெரிய அழகு என்று சொல்வேன். தறியால் முடியாததைத் தறியிடம் கேட்காமல், முடிந்ததை உச்சிக்குக் கொண்டுபோன அழகு அது.

சாயத்துக்கு வருகிறேன். காடு இந்தக் கதைக்குள் நேராக வருவது இங்கேதான்.

பழைய தும்பறைப் பாயில் நிறங்கள் மிகக் குறைவு. நாரின் சொந்த வெண்மை, சிவப்பு, மஞ்சள், கறுப்பு. சிவப்பு பதங்கி மரத்திலிருந்து வருகிறது. நாம் பதிமுகம் என்றும் சப்பங்கம் என்றும் சொல்லும் மரம். அதன் வைரத்தைச் சீவி, கொரகஹ இலையும் சேர்த்து, நாரோடு கொதிக்க வைப்பார்கள். கறுப்புக்குக் கடுக்காயும் தான்றிக்காயும் போன்ற துவர்ப்புக் காய்கள், கூடவே சேறு. சேற்றிலுள்ள இரும்பும் காயிலுள்ள துவர்ப்பும் சேர்ந்துதான் கறுப்பாகின்றன. மை காய்ச்சிய நம் முன்னோர்களும் இதே இரகசியத்தைக் கையாண்டவர்கள்தான். மஞ்சளுக்கு வெனிவெல், அதாவது மரமஞ்சள்.

இந்த மரமஞ்சளைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். ஈரவலயக் காட்டில் பெரிய மரங்களைப் பற்றிக்கொண்டு உயரத்துக்கு ஏறும் கட்டைக்கொடி அது. மெதுவாகத்தான் தடிக்கும். வெட்டிப் பார்த்தால் உள்ளே முழுவதும் மஞ்சள். சளிக்கும் காய்ச்சலுக்கும் இந்த நாட்டில் எல்லாச் சமூகத்தாரும் அவித்துக் குடிக்கிற மருந்து. மருந்துக்காகவும் வியாபாரத்துக்காகவும் காட்டிலிருந்து வெட்டி வெட்டி எடுத்ததில் இப்போது அது அருகிவரும் கொடியாகிவிட்டது. பாய்க்குத் தேவைப்பட்டது சிறிதளவு மஞ்சள்தான். அந்தச் சிறிதளவுக்காகக் கொடி அழியவில்லை. ஆனால் கொடி அரிதானபோது, மஞ்சளை முதலில் இழந்தவர் பாய் நெய்பவர். கடையில் விற்கும் இரசாயனச் சாயத்துக்கு அவர் மாறியதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. காட்டை அழித்தவர் வேறு யாரோ, மரபைக் கைவிட்டதாகப் பழி ஏற்பவர் இவர். இந்தக் கணக்கு நியாயமில்லை.

பாய் யாருக்காக நெய்யப்பட்டது? அரசனுக்காக. நிலத்தை அனுபவிப்பதற்கு ஈடாக அரசனுக்கும் பிரபுக்களுக்கும் சேவை செய்ய வேண்டும் என்பது கண்டி இராச்சியத்தின் இராஜகாரிய முறை. ஒருவர் யானை பார்ப்பார், ஒருவர் மேளம் அடிப்பார், இவர்கள் பாய் கொடுத்தார்கள். 1739 முதல் 1815 வரை கண்டியை ஆண்டவர்கள் மதுரைப் பக்கத்திலிருந்து வந்த நாயக்கர் மரபினர் என்பது உங்களுக்குத் தெரியும். அவர்களுடைய உறவினர் குடியிருந்த தெரு இன்றும் இந்த நகரத்தில் மலபார் வீதி என்று இருக்கிறது. ஆகவே தும்பறைப் பாய் விரிந்த கூடங்களில் தமிழும் தெலுங்கும் கேட்டிருக்கிறது. அந்தக் கூடத்துக்குள் பாய் போனது. நெய்தவர் அதன் மேல் உட்கார்ந்திருக்க முடியாது.

இதைச் சொல்லும்போது சிங்களச் சமூகத்தை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் எண்ணம் எனக்கு இல்லை. சுளகும் கூடையும் கடகமும் இல்லாமல் நம் அடுப்படி நடந்ததில்லை. ஆனால் கூடை முடைகிறவரை நம் வீட்டு வாசலோடு நிறுத்தித்தான் கூடை வாங்கினோம். தண்ணீர் கேட்டால் எந்தப் பாத்திரத்தில் கொடுத்தோம் என்பதும் நமக்கு நினைவிருக்கும்.

1815இல் இராச்சியம் வெள்ளையரிடம் போனது. 1830களின் தொடக்கத்தில் இராஜகாரியம் ஒழிந்தது. கட்டாயச் சேவை ஒழிந்தது நல்ல காரியம். ஆனால் அதோடு, பாயை வாங்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லாமல் போனது. புரவலர் போய்விட்டார், சந்தை இன்னும் வரவில்லை. கலைஞர்களுக்கு அது கொடிய இடைக்காலம். 1882இல் கண்டியக் கலைச் சங்கம் இந்த நகரத்தில் உருவானதற்கு அந்தச் சரிவே காரணம். தலதா மாளிகைக்குப் பக்கத்தில் இன்றும் அந்தச் சங்கத்தின் கட்டடத்தைப் பார்க்கலாம்.

இந்தக் கைத்தொழில்களை உலகம் அறியச் செய்தவர் நம்மவர் ஒருவர். ஆனந்த குமாரசுவாமி. கொழும்பில் 1877இல் பிறந்தவர். தந்தை சேர் முத்துக்குமாரசுவாமி, தாயார் ஆங்கிலேயர். கனியங்களை ஆராய்வதற்காக அரசாங்கம் நியமித்த நிலவியலாளர் அவர். கல்லைத் தேடிக் கண்டி மலைகளில் அலைந்தபோது கைத்தொழிலாளரைக் கண்டார். அவரும் அவர் மனைவி எத்தல் அம்மையாரும் ஊர் ஊராகப் போய்க் குறிப்பெடுத்தார்கள். படங்களை எத்தல் அம்மையார் எடுத்தார். 1908இல் ‘இடைக்காலச் சிங்களக் கலை’ என்ற நூல் வந்தது. ஆங்கிலத்தில் எழுதியது. ஆங்கிலக் கைவினைக் கலைஞர் வில்லியம் மொரிஸ் தம் நூல்களை அச்சிட்ட அதே கை அச்சு இயந்திரத்தில் 425 பிரதிகள் அச்சாயின. அதில் கோயில் ஓவியத்துக்கும் தந்தச் செதுக்கலுக்கும் கொடுத்த அக்கறையோடு பாய் நெசவையும் எழுதினார். செடி எது, சாயம் எது, தறி எப்படி என்று எழுதினார். ஒரு தமிழரின் மகன் சிங்களக் கைத்தொழிலாளருக்காக இவ்வளவு உழைத்தார் என்பதை நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். அந்தப் பெருமைக்கு ஒரு கடமையும் உண்டு. நூல் வெளிவந்து நூறாண்டுக்கு மேலாகிவிட்டது. இந்த மாவட்டத்தில் வாழும் தமிழர் நாம், அவர் தொடங்கிய வேலையை எவ்வளவு தூரம் எடுத்துச் சென்றோம்?

நொக்ஸ் சொன்ன முதல் கூட்டத்தாரிடம், பிரம்புக்காரரிடம், இப்போது வருகிறேன்.

பிரம்பு பனைக் குடும்பத்தைச் சேர்ந்தது என்றால் பலர் நம்பமாட்டார்கள். உடல் முழுவதும் முள் பூண்டு, மரங்களைப் பிடித்து ஏறி, வெளிச்சத்தைத் தேடிப் போகும் பனை அது. இலங்கையில் பத்து வகைப் பிரம்புகள் வரை உண்டு. அவற்றில் பெரும்பாலானவை இந்தத் தீவுக்கு மட்டுமே உரியவை. சில வகைகள் தூராகக் கிளைக்கும். முற்றியதை மட்டும் வெட்டினால் மறுபடி தழைக்கும். ஒற்றைத் தண்டாக வளரும் வகைகளை வெட்டினால் அதோடு முடிந்தது. எது எந்த வகை, எதை எப்போது வெட்டலாம் என்பது பிரம்பு வெட்டுகிறவருக்குத் தெரியும். முள்தோலை உரித்து இழுத்துப் போடும்போது கையில் படாமல் இருக்கும் வித்தையும் தெரியும். ஒப்பந்தக்காரர் லொறி கொண்டுவந்து முற்றியது, இளசு எல்லாவற்றையும் அறுத்துப் போகச் சொல்லும்போதுதான் அந்த அறிவு தோற்கிறது.

கண்டி மலைகளில் வளரும் தடித்த பிரம்பு ஒன்றுக்குத் தாவரவியலாளர் வைத்த பெயரில் துவைற்ஸ் என்பவர் இருக்கிறார். 1849 முதல் 1880 வரை பேராதனைப் பூங்காவின் தலைவராக இருந்த ஜோர்ஜ் துவைற்ஸ். கோப்பிச் செடிகளை அழித்த இலைநோயின் மாதிரியை 1869இல் இங்கிலாந்துக்கு அனுப்பி, அது என்ன நோய் என்று கண்டுபிடிக்க வழிசெய்தவரும் அவரே. தகுதியுள்ளவர், அவருக்கு அந்தப் பெருமை பொருந்தும். ஆனால் காட்டுக்குள் அவருடைய ஆட்களைக் கூட்டிப்போய், இது மாவேவல், இது வேறு என்று காட்டிக்கொடுத்த கிராமத்தவர் யாரோ ஒருவர் இருந்திருப்பாரல்லவா? அவர் பெயரில் ஒரு பிரம்பும் இல்லை. அருங்காட்சியகங்களில் கூடைகள் இருக்கின்றன, சீட்டு ஒட்டியிருக்கிறது, சேகரித்த துரையின் பெயர் இருக்கிறது; முடைந்தவர் பெயர் இல்லை.

காடு எப்படிப் போனது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், உறுதி காட்ட முடியாத நிலமெல்லாம் முடிக்குரியது என்றது. கிராமத்தவர் தலைமுறை தலைமுறையாகப் பிரம்பும் நாரும் தேனும் எடுத்த காட்டுக்கு உறுதிப்பத்திரம் ஏது? அந்தக் காடுகள் கோப்பித் தோட்டமாயின. 1873இல் ஆங்கிலத் தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர் கொடுத்த ஆலோசனையின் பேரில் 5000 அடிக்கு மேற்பட்ட மலைக்காடுகள் காப்பாற்றப்பட்டன. அதற்குக் கீழே இருந்தவற்றில் தப்பியது கொஞ்சம். தும்பறைப் பள்ளத்தாக்குக்கு மேலே நிற்கும் நக்கிள்ஸ் மலைத்தொடர் 2010இல் உலக மரபுச் சொத்தில் இடம்பெற்றது. இன்று அந்தக் காட்டில் அனுமதியில்லாமல் பிரம்பு வெட்டினால் குற்றம். காட்டைக் காப்பதற்கு அந்தச் சட்டம் வேண்டும். அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் மலைச்சரிவு முழுவதையும் மொட்டையடித்தவர்கள் துரைமாராக வாழ்ந்து மறைந்தார்கள். ஒரு கட்டுப் பிரம்பு எடுத்தவரின் பேரன் நீதிமன்ற வாசலில் நிற்கிறார்.

கண்டியிலிருந்து கொழும்புக்குப் போகிறவர்கள் ரதவாதுன்னவில் வீதியோரக் கடைகளைப் பார்த்திருப்பீர்கள். நாற்காலி, ஊஞ்சல், தொட்டில், அழுக்குத்துணிக் கூடை என்று தொங்கிக்கொண்டிருக்கும். அதில் உள்ளூர்க் காட்டுப் பிரம்பு எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள். வெளிநாட்டிலிருந்து வந்த பிரம்பும் பிளாஸ்டிக் பட்டையும் கலந்திருக்கும். கை இன்னும் இங்கே இருக்கிறது, பொருள் இங்கே இல்லை.

இனி நம் வீட்டுக் கூடைக்கு வருவோம். 1867இல் ஹேவாஹெட்டப் பக்கம் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை போட்டார். அன்று தொடங்கி இந்த மலைநாட்டுத் தோட்டங்களின் தேயிலையில் பெரும்பகுதி ஏறிவந்தது தமிழ்ப் பெண்ணின் முதுகுக் கூடையில். என் சிறு வயதில் எங்கள் தோட்டத்தில் கூடை முடையத் தெரிந்த பெரியவர் ஒருவர் இருந்தார். மூங்கிலைப் பச்சையாக இருக்கும்போதே பிளந்து, கத்தியை நகராமல் பிடித்துக்கொண்டு பட்டையை மட்டும் இழுப்பார். மேல்தோலும் உள்சதையும் தனித்தனியாகப் பிரியும். அடியைச் சதுரமாகத் தொடங்கி, மேலே வர வர வட்டமாக்கி, வாய்க்குப் பிரம்பு சுற்றிக் கட்டுவார். வாய்க்கட்டு இறுகவில்லையென்றால் ஒரு மழைக்காலத்தைக் கூடை தாங்காது என்பார்.

அந்தக் கூடையில் ஓர் அறிவு இருந்தது. பறித்த கொழுந்து உயிருள்ளது. அடைத்து வைத்தால் சூடேறும், நசுங்கினால் தொழிற்சாலைக்குப் போகும் முன்பே சிவக்கத் தொடங்கும். பின்னலின் இடுக்குகள் வழியே காற்றுப் போய் வந்ததால் கொழுந்து வாடாமல் இருந்தது. இப்போது பல தோட்டங்களில் நைலோன் வலையும் பொலித்தீன் சாக்கும்தான். பாரம் குறைவு, விலை மலிவு என்பது உண்மை. பெண்களுக்கு அந்த எளிமையை மறுக்க நான் யார்? ஆனால் கூடையின் பாரத்தை அன்று யார் சுமந்தார்கள் என்பதை மறக்கக்கூடாது. கயிறு நடுத்தலையில் அழுத்தி அழுத்தி அந்த இடத்தில் முடி தேய்ந்துபோன தாய்மார்களை நாம் பார்த்திருக்கிறோம். நிறுவையில் நிற்கும்போது கூடைக்கு இத்தனை கிலோ, ஈரத்துக்கு இத்தனை கிலோ என்று அவர்கள் பறித்ததிலிருந்து கழித்தார்கள். கூடையின் எடைக்கும் அவளே கூலி இழந்தாள்.

பாய் நெய்தவரையும் கொழுந்து பறித்தவளையும் நான் ஒரே பேச்சில் சேர்ப்பது இதனால்தான். ஒரே பள்ளத்தாக்கின் இரண்டு பக்கங்களில் வாழ்ந்த இரண்டு மொழிக்காரர்கள். ஒருவர் செய்த பொருளை அரசன் விரித்தான், மற்றவர் பறித்த இலையை உலகம் குடித்தது. இரண்டு பேரையும் வாசலுக்கு வெளியே நிறுத்தினார்கள். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரான நம்மவரை நாட்டுக்கே வெளியே நிறுத்தியது. துன்பத்தின் அளவை ஒப்பிட நான் வரவில்லை. ஒருவர் துன்பம் மற்றவருக்குப் புரிந்திருக்க வேண்டும் என்பதே என் ஆதங்கம்.

இது மாறக்கூடியதா என்று கேட்டால், மாறிய ஓரிடத்தைக் காட்டுகிறேன். ஆஸ்திரேலியாவின் வடகிழக்கே குவீன்ஸ்லாந்து மழைக்காடுகளில் வாழும் ஆதிக்குடிகள் ‘ஜாவுன்’ என்ற கூடையை முடைகிறார்கள். அடியில் இரண்டு முனைகள் கொம்புபோல் நீண்டிருக்கும். அதற்கும் பொருள் பிரம்புதான். நம் காட்டுப் பிரம்பின் அதே பேரினம். நச்சுத்தன்மையுள்ள காட்டு விதைகளைப் பக்குவப்படுத்தி, இந்தக் கூடையில் இட்டு, ஓடும் நீரோடையில் வைப்பார்கள். நீர் இடுக்குகள் வழியே ஓடி நஞ்சைக் கரைத்துக்கொண்டு போகும். பட்டையை நெற்றியில் மாட்டி முதுகில் சுமப்பதும் உண்டு. கேட்கும்போதே நம் தோட்டத்துப் பெண் நினைவுக்கு வருகிறாளல்லவா? அங்கும் கரும்புத் தோட்டங்களுக்காகக் காடு அழிந்தது, மக்கள் துரத்தப்பட்டார்கள், கூடைகள் பெயரில்லாமல் அருங்காட்சியகங்களுக்குப் போயின. பழைய கூடைகளைப் பார்த்துப் பார்த்து அந்தப் பின்னலை மீட்டவர்கள் அவர்களுடைய பேரப்பிள்ளைகள். கார்ட்வெல் என்ற சிற்றூரில் கிரிங்கன் என்ற அவர்களுடைய சொந்தக் கலை மையம் இருக்கிறது. இன்று அங்கிருந்து ஒரு கூடை கண்காட்சிக்குப் போனால் முடைந்தவர் பெயரும் அவர் எந்தக் குடி என்பதும் கூடவே போகும்.

நமக்கு என்ன தடை? ஹேனவலவிலிருந்து வரும் ஒரு சுவர்ப்பாய்க்குப் பின்னால் நெய்தவர் பெயரும் ஊரும் தைத்த ஒரு துண்டுத் துணி இருந்தால் போதும். அதற்குப் பெரிய திட்டமோ நிதியோ வேண்டாம். பாய் வேலை என்று சொல்லி அச்சுத்துணியில் அதே மானையும் நட்சத்திரத்தையும் போட்டு விற்கிறவர்களோடு போட்டி போடவும் அந்தத் துண்டு உதவும். வாங்குகிறவர் கேட்டால்தான் விற்கிறவர் செய்வார். ஆகவே கேட்க வேண்டியது நாம்.

பொருள் விடயத்திலும் வழி இருக்கிறது. தேயிலை விட்டுக் காடாகிப்போன தோட்டத் துண்டுகள் இந்த மாவட்டத்தில் ஏராளம். ஓடைக்கரைகளும் சரிவுகளும் கிடக்கின்றன. அங்கே பிரம்பு நடலாம், பதங்கி நடலாம், மரமஞ்சளை மரங்களில் ஏற்றலாம், வேலியாக ஹண வைக்கலாம். பிரம்பு ஆண்டுக்கணக்கில் காத்திருந்து பலன் தருவது என்பதால், நட்டவருக்கே வெட்டும் உரிமை என்று எழுத்தில் கொடுத்தால்தான் யாரும் நடுவார்கள். வெளியாரைக் கூலிக்கு வைத்து இதைச் செய்யக்கூடாது. தோட்டத்து இளைஞரும் பாய் நெய்யும் கிராமத்து இளைஞரும் பங்காளிகளாக இருக்கும் சங்கங்களாக இது நடக்க வேண்டும். அரசாங்கம் தொடங்கட்டும் என்று காத்திருந்தால் தொடங்காது. பேராதனையில் தாவரவியல் படிக்கும் நம் பிள்ளைகள் ஒரு சரிவில் தொடங்கிக் காட்டினால் மற்றவர்கள் வருவார்கள்.

பாடசாலைகளுக்கும் ஒன்று சொல்கிறேன். சித்திர பாடத்தில் தும்பறைப் பாயின் மானை வரையச் சொல்கிறோம், நல்லது. நெய்கிறவரை ஒரு நாள் வகுப்புக்கு அழையுங்கள். விருந்தினராக அழையுங்கள், மாலை போடுங்கள், ஆசிரியர்களோடு உட்காரவைத்துச் சாப்பிடச் செய்யுங்கள், வந்த நாளுக்கு ஊதியமும் கொடுங்கள். பிள்ளைகள் மானை மறந்தாலும் அந்தச் சாப்பாட்டு மேசையை மறக்கமாட்டார்கள்.

மாணவச் செல்வங்களே, கடைசியாக உங்களிடம் ஒரு வேண்டுகோள். தோட்டங்களில் கூடை முடையத் தெரிந்தவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். எழுபது வயதைத் தாண்டியவர்கள். அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது அவர்களைத் தேடிப் போங்கள். எந்தச் செடி, எந்த மாதம் வெட்டுவது, எப்படிப் பிளப்பது, வாய்க்கட்டுக்கு என்ன பெயர், அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் யார் என்று கேட்டு எழுதுங்கள். அவர்கள் சொல்லும் சொல்லையே எழுதுங்கள், திருத்தாதீர்கள். நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் உங்கள் பெயருக்கு முன்னால் அவர்களுடைய முழுப் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் எழுதுங்கள். எழுதியதை ஒரு பிரதி எடுத்து இந்த அறக்கட்டளைக்கு அனுப்பிவையுங்கள். அச்சிடும் பொறுப்பை நாங்கள் ஏற்கிறோம்.